சுவர் கேட்டவர்கள் யார்?

1802 ஜனவரி 1-ஆம் தேதி. வாஷிங்டனில் அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு புத்தாண்டுப் பரிசு வந்தது. ஒரே ஒரு சீஸ் கட்டி. எடை 1,235 பவுண்டு, நம்ம கணக்கில் சுமார் 560 கிலோ! மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செஷையர் என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பங்கள் தங்கள் பசுக்களின் பாலைச் சேர்த்துச் செய்து அனுப்பியது அது. கொண்டுவந்து கொடுத்தவர் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கி.

அதே நாளில்தான் ஜெஃபர்சன் ஒரு சின்னக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சபைகள் எழுதியிருந்த கடிதத்துக்கான பதில் அது. திருச்சபைக்கும் அரசுக்கும் நடுவே 'பிரிக்கும் சுவர்' என்று இன்றைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்களே, அந்தத் தொடர் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

மதத்தையும் அரசையும் பிரிக்கணும் என்பது கடவுள் நம்பிக்கை குறைந்த அறிவாளிகளின் கோரிக்கை என்றுதான் நான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அப்படியானால் முழங்காலில் நின்று ஜெபிக்கிற பாப்டிஸ்டுகளுக்கு இதில் என்ன வேலை? எதிரிகள் நாத்திகர் என்று ஏசிய ஒரு ஜனாதிபதிக்கு, ஒரு பிரசங்கி ஏன் ஊர் விட்டு ஊர் சீஸ் சுமந்து போனார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

புகையிலையில் சம்பளம்

லேலண்ட் மாசசூசெட்ஸ்காரர் என்றாலும், 1791 வரை பல ஆண்டுகள் வர்ஜீனியாவில் ஊழியம் செய்தவர். கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது வர்ஜீனியாவின் அதிகாரபூர்வ சபை இங்கிலாந்து திருச்சபை, அதாவது ஆங்கிலிக்கன் சபை. பாதிரியாரின் சம்பளம் மக்களிடமிருந்து வரியாக வசூலிக்கப்பட்டது. 1696-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 16,000 பவுண்டு புகையிலை. ஆமாம், அங்கே புகையிலைதான் பணம். நீங்கள் அந்தக் கோயிலுக்குப் போகிறவரோ இல்லையோ, வரி கட்டியே ஆகணும்.

வேறு சபைக்காரர்கள் பிரசங்கம் செய்ய அரசிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பல பாப்டிஸ்ட் பிரசங்கிகள் உரிமம் கேட்கவே மறுத்தார்கள். கடவுளின் வார்த்தையைச் சொல்ல அனுமதி தர அரசாங்கம் யார் என்பது அவர்கள் கேள்வி. விளைவு சிறை. 1768-இல் ஸ்பாட்சில்வேனியா கவுன்டியில் ஜான் வாலர், லூயிஸ் கிரெய்க் முதலானவர்கள் அமைதியைக் குலைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் அடைக்கப்பட்டார்கள். கல்பெப்பர் சிறையில் ஜேம்ஸ் அயர்லாந்து என்பவர் கம்பிகளுக்கு உள்ளேயிருந்தபடியே வெளியே நின்ற கூட்டத்துக்குப் பிரசங்கித்தார்.

இதையெல்லாம் பக்கத்துக் கவுன்டியிலிருந்து பார்த்துக் கொதித்த ஓர் இளைஞர் இருந்தார். வயது 22. ஆங்கிலிக்கன் குடும்பம், வசதியான வீட்டுப் பிள்ளை. பெயர் ஜேம்ஸ் மேடிசன். 1774 ஜனவரியில் பிலடெல்பியாவில் இருந்த நண்பர் பிராட்ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் மதக் கருத்துகளுக்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று வருந்துகிறார்.

இரண்டே வருடத்தில் மேடிசனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 1776-இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஜார்ஜ் மேசன், மத விஷயத்தில் முழுமையான 'சகிப்பு' வேண்டும் என்று வரைவு போட்டிருந்தார். மேடிசன் அந்தச் சொல்லை எடுக்கவைத்தார். மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்ற எல்லோருக்கும் சம 'உரிமை' என்று மாறியது. ஒரு சொல்தானே என்று தோன்றும். ஆனால் சகித்துக்கொள்கிறவர் நாளைக்குச் சகிக்காமலும் போகலாம். உரிமை அப்படி இல்லை.

நல்ல மனசோடு வந்த மசோதா

ஆங்கிலிக்கன் பாதிரியார்களின் சம்பள வரி 1776-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1779-இல் ஒழிந்தது. அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான்.

1784-இல் பாட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை ஆதரித்துக் களமிறங்கினார். விடுதலைப் போரின் புகழ்பெற்ற பேச்சாளர் அவர். போர் முடிந்த களைப்பு, சபைகள் நலிந்து கிடந்தன, ஜனங்களிடம் ஒழுக்கம் குறைந்துவிட்டது என்ற கவலை பலருக்கும் இருந்தது. அதனால் கிறிஸ்தவப் போதகர்களுக்கு ஆதரவாக ஒரு வரி போடலாம் என்றார்.

மசோதாவைப் பார்த்தால் ரொம்ப நியாயமாகத்தான் தெரியும். ஒரே சபைக்குப் பணம் போகாது. தன் வரி எந்தச் சபைக்குப் போகணும் என்று கட்டுபவரே சொல்லலாம். எதையும் குறிப்பிடாவிட்டால் அந்தப் பணம் கல்விக்கூடங்களுக்குப் போகும். ஜார்ஜ் வாஷிங்டனே, இப்படியொரு வரி கொள்கையளவில் தன்னைக் கலவரப்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறார். உண்மையைச் சொன்னால், நான் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் ஆதரித்துக் கை தூக்கியிருப்பேனோ என்னவோ.

மேடிசன் எதிர்த்தார். 1784 டிசம்பரில் இறுதி வாக்கெடுப்பைத் தள்ளிப்போட வைத்தார். அதற்குள் ஹென்றி கவர்னராகத் தேர்வாகி, அவையை விட்டே போயிருந்தார். கிடைத்த இடைவெளியில், 1785 கோடையில், பெயர் போடாமல் 15 வாதங்கள் கொண்ட ஒரு மனுவை மேடிசன் எழுதினார். அதன் சாரம் எளிமையானது. எல்லா மதங்களையும் ஒதுக்கிக் கிறிஸ்தவத்தை நிலைநாட்ட முடிகிற அதிகாரம், நாளைக்கு எல்லாச் சபைகளையும் ஒதுக்கி ஒரே ஒரு சபையை நிலைநாட்டவும் முடியும். மூன்று பென்ஸ் கொடு என்று கட்டாயப்படுத்த முடிகிற அரசு, எதையும் கட்டாயப்படுத்த முடியும். அரசின் ஆதரவு மதத்தை வளர்த்ததில்லை, கெடுத்துத்தான் இருக்கிறது.

இந்த மனு இன்றைக்கு மிகப் பிரபலம். ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு கணக்கு. மேடிசனின் மனுவில் விழுந்த கையெழுத்துகள் சுமார் 1,550. பாப்டிஸ்டுகள் மத்தியில் சுற்றிவந்த இன்னொரு மனுவுக்குக் கிடைத்தவை கிட்டத்தட்ட 4,900, மூன்று மடங்குக்கும் மேல்! இந்த வரி சுவிசேஷத்தின் ஆவிக்கே விரோதமானது என்பது அதன் வாதம். தத்துவமெல்லாம் பேசவில்லை. இயேசு தன் சபையைக் கட்ட எந்த அரசனிடமும் வரிப்பணம் கேட்கவில்லையே, நாம் ஏன் கேட்கணும் என்கிற பக்தர்களின் தர்க்கம்.

யோசித்துப் பாருங்கள். இந்த மசோதாப்படி பாப்டிஸ்ட் பிரசங்கிகளுக்கும் பங்கு உண்டு. பத்து, பதினைந்து வருடம் முன்னால் சிறையில் கிடந்தவர்களுக்கு இப்போது அரசுப் பணம். வேண்டாம் என்றார்கள்.

1785 இலையுதிர்காலத்தில் சட்டமன்றம் கூடியபோது ஹென்றியின் மசோதா சத்தமில்லாமல் செத்தது. அந்தச் சூட்டோடு, 1779-இலிருந்து கிடப்பில் கிடந்த ஜெஃபர்சனின் மதச் சுதந்திர மசோதாவை மேடிசன் தூசி தட்டி எடுத்தார். 1786 ஜனவரியில் அது சட்டமானது. ஜெஃபர்சன் அப்போது பாரிஸில் தூதர். முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க ஒரு திருத்தம் வந்து தோற்றதையும் அவர் பின்னாளில் தன் சுயசரிதைக் குறிப்பில் பதிவு செய்கிறார். யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, நம்பாதவர் எல்லோரையும் இந்தச் சட்டம் தன் குடைக்குள் வைத்திருக்கிறது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுகிறார்.

சுவரும் அதன் விரிசல்களும்

இப்போது டான்பரி பாப்டிஸ்டுகளின் நிலைமை புரியும். கனெக்டிகட்டில் கான்கிரிகேஷனல் சபைதான் அரசு ஆதரவு பெற்ற சபை. மற்றவர்கள் அதன் வரியிலிருந்து தப்பிக்க, நாங்கள் வேறு சபை என்று சான்றிதழ் கொடுக்கணும். எங்கள் மதச் சுதந்திரம் உரிமையாக இல்லை, யாரோ போட்ட பிச்சை மாதிரி இருக்கிறது என்பதுதான் அவர்கள் ஜெஃபர்சனுக்கு எழுதிய முறையீட்டின் சாரம். மேடிசன் 1776-இல் மாற்றிய அதே சொல் பிரச்சினை!

ஜெஃபர்சனின் பதில் அவர்களுக்கு ஆறுதல் தந்திருக்கும், நிவாரணம் தரவில்லை. அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அன்றைக்கு மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. கனெக்டிகட் தன் சபையைக் கைவிட 1818 வரை ஆனது, மாசசூசெட்ஸ் 1833 வரை.

இந்தக் கடிதத்தின் வரைவில் ஜெஃபர்சன் சில வரிகளை அடித்திருந்தார். 1998-இல் எஃப்.பி.ஐ. ஆய்வகத்தின் உதவியோடு காங்கிரஸ் நூலகம் அவற்றைப் படித்தது. ஜனாதிபதியாகத் தான் ஏன் உபவாச நாட்களையும் நன்றி நாட்களையும் அறிவிப்பதில்லை என்ற விளக்கம் அங்கே இருந்தது. வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிற தன் கட்சி நண்பர்களுக்குச் சங்கடம் வரும் என்று அதை எடுத்துவிட்டார். கொள்கைக் கடிதம்தான், ஆனால் அரசியல்வாதியின் பேனா.

இன்னொரு வேடிக்கை. கடிதத்தில் கையெழுத்திட்டு இரண்டே நாளில், ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை, ஜெஃபர்சன் ஆராதனைக்குப் போனார். நடந்த இடம் பிரதிநிதிகள் சபை மண்டபம். அன்றைய பிரசங்கி? சீஸ் கொண்டுவந்த அதே லேலண்ட்!

1947-இல் உச்ச நீதிமன்றம் எவர்சன் வழக்கில் இந்தச் சுவரை உயர்த்திப் பிடித்தது. முதல் திருத்தத்தின் இந்தப் பகுதி மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. சுவர் உயரமானது, துளைக்க முடியாதது என்று எழுதிவிட்டு, கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துச் செலவை அரசுப் பணத்தில் திருப்பிக் கொடுத்தது சரிதான் என்று அதே தீர்ப்பில் 5-4 என்று முடித்தது. சுவர் எங்கே நிற்கணும் என்பதில் அன்றும் தெளிவில்லை, இன்றும் சண்டைதான்.

நம்ம அரசியலமைப்பு இந்தச் சுவரைக் கட்டவில்லை, அது வேறு பாதை. ஆனாலும் 27-வது பிரிவைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வர்ஜீனியாவின் புகையிலை நினைவுக்கு வருகிறது.

மதத்துக்கு அரசு உதவி செய்யட்டுமே, அதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டால், அந்த 4,900 பேரைத்தான் இனி பதிலாகச் சொல்வேன். பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். தங்கள் பங்கும் சேர்த்து வந்த பணத்தை, தங்கள் சாமிக்காகவே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள்.