கொன்ற நாய்களின் கணக்கு

பக்கத்து வீட்டுப் பெண் புள்ளியியல் படிக்கிறாள். நாய்க் காப்பகத்துக்கு வந்தவை, தத்துப் போனவை, கருணைக்கொலை ஆனவை என்று கணக்கெடுக்கிறாள். அதைப் பார்த்ததும் பழைய சென்னைக் கணக்கு நினைவுக்கு வந்தது.

மாநகராட்சி 1860-இல் தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியபோது நாளொன்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. 1995-இல் நாளொன்றுக்கு 135 வரை போனது. எழுபதுகளில், குவிந்த தோலில் கழுத்து டையும் மணிபர்சும் செய்ய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்ததாம்! கொன்றது கூடக்கூட வேலை நன்றாக நடப்பதாகவே மேலிடம் நினைத்திருக்கும். தெருவில் மிச்சம் எத்தனை என்ற கலம் பதிவேட்டில் இருந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஒரு தெரு காலியானால் அடுத்த தெரு நாய் குப்பையைத் தேடி வந்துவிடும். நம் குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தை கலைந்த பிறகு பாருங்கள், புரியும். பெட்டை வருஷத்துக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும்.

விமானி கேப்டன் சுந்தரமும் மனைவி உஷாவும் 1959-இல் தொடங்கியது புளூ கிராஸ். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1964-லேயே அது சொன்னது. நகரம் முழுவதற்கும் மாநகராட்சி ஒப்புக்கொண்டது 1996-இல். 32 வருஷம்! எங்கள் ஆபீஸ் ஃபைல்கூட அவ்வளவு தூங்கியதில்லை.

அந்த 1996-இல் சென்னையில் வெறிநோய்க்கு 120 பேர் பலி. பத்து வருஷத்துக்குள் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2001-இல் மத்திய அரசே விதி போட்டது: தீராத நோய், பிழைக்காத காயம் உள்ள நாய்க்கு மட்டுமே கருணைக்கொலை.