எல்லை ஒரு ஏட்டில், நடந்தது ஒரு ஏட்டில்

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, ஊரார் இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. சர்வர் இங்கே இல்லை, வெளியூர் டேட்டா சென்டரில் இருக்கிறது. நான் பார்ப்பது சர்வரை நிர்வகிக்கும் சிபேனல் திரையையும் அதற்குப் பின்னால் இருக்கும் கோப்புகளையும்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில், 2007-ல், ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாத் தளங்களும் நின்றுவிட்டன. டிஸ்க் ஃபுல். ஒரு தளத்தின் பிழை லாக் மட்டும் பல ஜிபிக்கு வீங்கிக் கிடந்தது. அழித்தேன். இடம் திரும்பவில்லை. கை நடுங்கிப்போய், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சிதம்பரம் கீழவீதி அண்ணனுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்திலேயே சொன்னார்: “தம்பி, நீ அழிச்சது பேரை மட்டும்தான். அப்பாச்சி இன்னும் அந்தக் கோப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுதிக்கிட்டிருக்கு. ரீஸ்டார்ட் பண்ணு, விட்டுடும்.” தளங்களை வழங்கும் அந்த அப்பாச்சி மென்பொருளை ரீஸ்டார்ட் பண்ணினேன், விட்டது. அடுத்த வாரம் நேரில் போனபோது கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். “கன்ஃபிக் வேற, லாக் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதே. நீ எதையாவது மாத்தினா தேதி போட்டு இதுல எழுது.”

கன்ஃபிக் என்றால் நாம் போட்டுவைக்கும் அமைப்பு, லாக் என்றால் நடந்ததன் பதிவு. இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. யுனிக்ஸ் இயங்குதளம் பிறந்த காலத்தில் ‘ஈடிசி’ என்ற கோப்புறை வேறெங்கும் சேராத சில்லறைச் சாமான்களைப் போடும் அறை. அமைப்புக் கோப்புகளுக்கு அதுவே வீடானது பிறகுதான். 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தம்முடைய சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக ‘சிஸ்லாக்’ எழுதினார். நிரல்களெல்லாம் குறிப்பை ஒரே இடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது. லினக்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்ற பொது விதி 1994-ல் வந்தது. அமைப்பு ‘ஈடிசி’யில், வளர்கிற லாக் ‘வார்’-இல். நிக் கோஸ்டனின் சிபேனலும் ஜேமி கேமரூனின் வெப்மினும் 1990களின் பிற்பகுதியில் வந்து இவற்றுக்குமேல் பொத்தான் வைத்தன. பொத்தான் வந்ததும் புது ஆபத்தும் வந்தது. சிபேனலில் அப்பாச்சியின் முதன்மைக் கோப்பை நேரடியாகத் திருத்தினால், சிபேனல் அடுத்த முறை அந்தக் கோப்பைத் தானே எழுதும்போது நம் திருத்தம் போய்விடும். திருத்தத்துக்கென்று தனியாக விட்டிருக்கும் இணைப்புக் கோப்பில்தான் எழுத வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஆனால் அமைப்பையும் பதிவையும் பிரித்துவைக்கும் இந்தப் பழக்கத்தைக் கடலூர் முந்நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை நிலமும் சேர்த்தி. குண்டு விழுந்த இடம் எல்லை. உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். ஒருமுறை போட்ட விதி, அதன்மேல்தான் மற்றதெல்லாம். அது கன்ஃபிக்.

லாக் வேறொரு ஏட்டில் எழுதப்பட்டது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அந்தக் கோட்டையின் ஆலோசனைக் குழு கூடியபோதெல்லாம் தேதி, வந்திருந்தவர்கள், எடுத்த முடிவு என்று பதிவேட்டில் ஏறியது. வந்த கடிதம், போன கடிதம் தனித்தனி ஏடுகள். படியெடுத்து லண்டனுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை இந்தக் கரையில் கம்பெனிக்குத் தலைமையிடம் எங்கள் தேவனாம்பட்டினம்தான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தான். இன்று கெடிலம் கடலில் சேரும் பக்கம் போனால் பார்ப்பதற்குக் கொஞ்சம் செங்கல்தான் மிச்சம். ஏடுகள் பிழைத்தன. சென்னை ஆவணக் காப்பகம் 1930களில் அவற்றை அச்சிட்டது. ஏழெட்டுப் பக்கம் படித்ததுமே எனக்குக் கை பழகிய உணர்வு வந்துவிட்டது. தேதி, ஆள், செயல்: நான் தினமும் படிக்கும் வரிசை அதே.

சிதம்பரத்துக் கதை வேறு மாதிரி. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் பூட்டிய அறையில் இருந்தன என்றும், தேவாரம் பாடிய மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அரசன் கதவைத் திறக்கவைத்தபோது புற்று மூடிக் கிடந்தன என்றும், எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எஞ்சியதை எடுத்தார்கள் என்றும் உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பத்திரமாகப் பூட்டித்தான் வைத்தார்கள். இடையில் யாரும் திறந்து பார்க்கவில்லை. அதனால்தான் திங்கட்கிழமைதோறும் ஒரு பேக்கப்பையாவது பிரித்து, வேறொரு இடத்தில் ஏற்றிப் பார்த்துவிடுகிறேன்.

2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் அடித்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. மூன்றாம் நாள் அண்ணன் கொடுத்த நோட்டை பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். நண்பர் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சர்வராக உள்ளே நுழைந்தேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கடலூர்க்காரர்களே அதிகம் பார்க்கும் ஒரு தளத்தின் லாகைத் திறந்தேன். 29-ஆம் தேதி சாயங்காலம்வரை வரிகள் நெருக்கமாக இருந்தன. ராத்திரி ஏற ஏற இடைவெளி விழுந்தது. விடிவதற்கு முன் ஒரே ஒரு வரி, யாரோ ஒருவர் தொடர்பு எண் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அதற்குப் பிறகு வெளியூர்த் தேடுபொறிகள் வந்துபோனதுதான் பதிவாகியிருந்தது.

பார்வையாளர் கணக்கை எடுத்து முடித்ததும் டொமைன் லாகை அழித்துவிடும்படிதான் அந்தச் சர்வரில் அமைத்திருந்தேன். அன்றைக்கு அந்த ஒரு கோப்பை மட்டும் படியெடுத்துத் தனியாக வைத்தேன். இன்னும் இருக்கிறது.