பெரிய ‘ற’ போட்ட கறி

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ஏழாவது படிக்கும் என் அக்கா மகள், பாடத்தில் ‘கர்ரி ஃபேவர்’ என்று வந்ததைக் காட்டி, “மாமா, குழம்பு வெச்சுக் கொடுத்துக் காரியம் சாதிக்கிறதா?” என்று கேட்டாள். காக்கா பிடிப்பதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது. பொருளை அவள் ஏறக்குறையப் பிடித்துவிட்டாள். ஆனால் அங்கே இருப்பது குழம்பு அல்ல, குதிரை.

ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு சொற்கள் இவை. ஒன்று நம் கறி. சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு. முசிறியில் யவனர் பொன் கொடுத்து ஏற்றிச் சென்ற சரக்கு. பிறகு காய்க்கும் இறைச்சிக்கும் சமைத்த பண்டத்துக்கும் அதே பெயர் ஆயிற்று. போர்த்துகீசியர் அதைக் ‘கரில்’ என்றார்கள். 1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் தன் சமையல் நூலில் இந்தியக் கறிக்குக் குறிப்பு எழுதியபோது மிளகாய் சேர்க்கவில்லை. மிளகும் கொத்தமல்லி விதையும் சேர்த்தார். சொல்லின் பழைய பொருள் அவ்வளவு தூரம் போய் அந்தச் சட்டியில் விழுந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், யூலுடன் சேர்ந்து தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 1886இல் இதைத் தமிழ்ச் சொல்லென்றே பதிந்தது.

மற்றது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பக்குவப்படுத்துவது என்று பொருள். குதிரையைத் தேய்த்துவிடுவதும் தோலைப் பதமாக்குவதும் அதில் அடக்கம். 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியம் ஒன்றில் ஃபோவெல் என்ற குதிரையைப் பெரிய மனிதர்கள் போட்டி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். குதிரையின் பெயர் ஆங்கிலேயர் காதில் ‘ஃபேவர்’ என்று மாறிப்போனது.

நம் கறி ஆங்கிலத்தில் முதலில் பெயர்ச்சொல், பன்மை ஏற்கும், வினையானது பிற்பாடு. குதிரைக்குரியது வினை மட்டுமே. இறந்தகாலத்தில் இரண்டும் ‘கர்ரீட்’. முட்டைக்கு முன்னால் வந்தால் மசாலா, குதிரைக்கு முன்னால் வந்தால் தேய்ப்பு. தமிழிலும் கறி வினையாகும்: மாடு புல்லைக் கறிக்கிறது.

பாலிகஞ்ச் இரண்டையும் பார்த்த இடம். 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அமைத்த கவர்னர் ஜெனரலின் மெய்க்காவல் குதிரைப்படைக்கு லாயங்கள் இங்கேதான் இருந்தன. கிழக்கே டாங்ராவில் தோல் பதனிட்டார்கள். மேற்கே லேக் மார்க்கெட்டில் தமிழர் குடியேறி, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கடைக்கு வந்தன. வங்காளிகள் வீட்டில் ஜோல், டால்னா, தொர்க்காரி என்பார்கள். தொர்க்காரியின் வாலில் நம் கறி ஒலித்தாலும் அது பாரசீக வழி வந்தது.

அவள் நோட்டில் இரண்டு வாக்கியம் எழுதினாள். குதிரைக்காரர் கர்ரி செய்தார். அம்மா வாழைக்காய்க் கறி செய்தாள். முதலாவதில் சின்ன ‘ர’ போட்டாள். இரண்டாவதற்கு வந்ததும், நான் சொல்லாமலே, பெரிய ‘ற’.