கால்பந்துக் கழகங்களின் பட்டப்பெயர்கள்

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. பிறர் இட்டு வழங்கும் பெயர் மற்றொன்று. செம்புலப் பெயல்நீரார் என்னும் சங்கப் புலவரின் இயற்பெயரை நாம் அறியோம். அவர் பாட்டில் அமைந்த தொடரே அவருக்குப் பெயராய் நிலைத்துவிட்டது. கால்பந்துக் கழகங்களின் பழைய பட்டப்பெயர்களும் இத்தகையனவே. கழகம் எங்கே பிறந்தது, அதைத் தோற்றுவித்தோர் எத்தொழில் செய்தனர் என்பதை அவை நமக்கு உரைக்கின்றன.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ளது உலிச். அங்கிருந்த அரசாங்க ஆயுதச்சாலையின் தொழிலாளர் 1886-ஆம் ஆண்டு ஒரு கழகம் கண்டனர். அதுவே ஆர்சனல். பீரங்கி செய்த இடத்தில் பிறந்தமையால் 'கன்னர்ஸ்', அதாவது பீரங்கி வீரர், என்னும் பெயர் பெற்றது. 1895-இல் கப்பல் கட்டும் தேம்ஸ் இரும்புத் தொழிற்சாலையில் தோன்றிய கழகமே இன்றைய வெஸ்ட் ஹாம். அதனை இன்றும் 'அயன்ஸ்', அதாவது இரும்பர், என்றே ரசிகர்கள் அழைக்கின்றனர். ஆர்சனல் 1913-இல் ஆற்றைக் கடந்து வட லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. பின்னாளில் ஆயுதச்சாலையும் மூடப்பட்டது. ஆயினும் பட்டப்பெயர் மட்டும் பெயரவில்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கல்கத்தாவில் 1889-இல் தோன்றிய மோகன் பகான் கழகத்தின் சின்னம் பாய்மரப் படகு. அதன் பட்டப்பெயர் 'மரினர்ஸ்', கடலோடிகள். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் சின்னம் தீப்பந்தம். ஆகவே அக்கழகத்தார் தீப்பந்தம் ஏந்தியோர் எனப்பட்டனர். 1947-இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கம் வேற்று நாடாயிற்று. வீடு வாசல் துறந்து கல்கத்தா வந்து சேர்ந்த மக்களுக்கு, விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கிய கழகமே ஊரின் அடையாளமாய் நின்றது. இரண்டே ஆண்டுகளில், 1949-இல், அக்கழகம் நம் பம்பாய்க்கு வந்து ரோவர்ஸ் கோப்பையை வென்று சென்றது. 1891-இல் தொடங்கிய அப்போட்டி இந்நகரின் பழம்பெருமைகளுள் ஒன்று.

2014-இல் அமைந்த மும்பை சிட்டி கழகத்தின் பட்டப்பெயர் 'ஐலண்டர்ஸ்', தீவினர் என்பதாகும். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜகாவ், பரேல், வொர்லி, மாஹிம் என்னும் ஏழு தீவுகளை இணைத்தே இந்நகரம் உருவாயிற்று. கடலைத் தூர்த்துக் கட்டிய நிலத்தில் நடமாடும் நமக்கு, அவ்வரலாற்றை இப்பெயர் ஒன்றே நினைவூட்டுகின்றது. அதே ஆண்டில் பிறந்த சென்னையின் கழகத்தாரோ 'மெரினா மச்சான்ஸ்' என உறவுமுறை சொல்லியே அழைக்கப்படுகின்றனர்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தோல் பதனிட்டு வாழ்ந்த இடம் தாராவி. இன்று அங்கே அத்தொழில் அருகிவிட்டது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பந்தாடும் நம் இளைஞர்கள் தம் குழுவுக்குப் பெயர் தேடுங்கால், அயல்நாட்டுக் கழகத்தின் பெயரை இரவல் வாங்க வேண்டுவதில்லை. பாட்டனார் எவ்வூரிலிருந்து வந்தார், இங்கே எத்தொழில் செய்தார் என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டறிதல் நன்று. அவ்விடையில் நல்ல பெயர் ஒன்று கிடைக்கும். குடும்பத்தின் வரலாறும் மறவாது நிற்கும்.