பந்தலும் மண்டபமும்: வன்னிக் கலியாணங்கள் இரண்டின் கணக்கு

வன்னியில் இன்று ஒரு கலியாணத்தை இரண்டு விதமாக நடத்தலாம். ஏ-9 வீதியோரம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு மண்டபத்தை எடுத்து, சாப்பாடு, சோடினை, மணவறை, வீடியோ என எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிடலாம். அல்லது ஊர்க் கோயிலில் தாலியைக் கட்டி, வளவுக்குள் பந்தல் போட்டுப் பந்தி வைக்கலாம். முதலாவது ஆடம்பரம், இரண்டாவது சிக்கனம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். மண்டபம் எடுப்பவர்களைப் பார்த்து, ‘ஊருக்குக் காட்டச் செய்யினம்’ என்று குறை சொல்வதும் உண்டு.

இரண்டு வகைக் கலியாணத்துக்கும் போய்ப் பந்தியில் இருந்தவன், பந்தியில் பரிமாறியவன் என்ற முறையில் இந்தப் பேச்சைப் பாதிதான் என்னால் ஏற்க முடிகிறது. கூலி கேட்காத கைகள் பின்னால் நின்றதால்தான் பந்தல் கலியாணம் மலிவாக இருந்தது. அந்தக் கைகள் இல்லாத வீட்டில் பந்தலும் மலிவல்ல.

பழைய முறையில் ஒரு கலியாண வீடு எப்படி ஓடியது என்று பார்த்தால் இது விளங்கும். நாள் பார்த்துப் பொன்னுருக்கு முடிந்ததும் பலகாரச் சூடு தொடங்கிவிடும். அயலட்டைப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். ஒருத்தி பயறு வறுப்பாள், இன்னொருத்தி மா அரிப்பாள், கைப்பக்குவம் உள்ள ஒரு மாமி பாகு காய்ச்சுவாள். பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் பெட்டி பெட்டியாக நிறையும். ஆண்கள் காட்டுக்குப் போய்த் தடி வெட்டி வந்து பந்தற்கால் நடுவார்கள். முள்முருக்கில் கன்னிக்கால் ஊன்றுவார்கள். கிடுகு வேய்வார்கள். குலையோடு வாழை வெட்டி வாசலில் கட்டுவார்கள். குருத்தோலை கிழித்துத் தோரணம் பின்னும் வேலை இளந்தாரிகளுடையது. விடியும்வரை சிரிப்பும் பகிடியுமாக அது நடக்கும். சமையலுக்குத் தலைமை தாங்க ஒருவர் இருப்பார். தேங்காய் துருவுவதும் காய் வெட்டுவதும் மற்றவர்கள் பாடு. நூறு பேர் பந்திக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி போதும். கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய், பயித்தங்காய் எல்லாம் ஊர்த் தோட்டத்திலிருந்து வரும். காலபோக நெல் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வந்துவிடும் என்பதால் சித்திரை, வைகாசியில் கலியாணம் வைப்பவனுக்கு அரிசிச் செலவே தெரியாது.

இதையெல்லாம் இன்று கூலிக்குப் பிடித்தால் என்ன ஆகும்? தகரப் பந்தல் வாடகை, கதிரை வாடகை, பாத்திர வாடகை, சமையற்காரரும் உதவியாளர்களும், பரிமாற ஆட்கள், மின்பிறப்பாக்கி, துப்புரவு, நடமாடும் மலசலகூடம் என்று தனித்தனியாகக் கொடுத்துக் கூட்டிப் பார்த்தால், சிறிய மண்டபமொன்றின் செலவை எட்டிப் பிடித்துவிடும். அலைச்சல் வேறு. மண்டபத்துக்குப் போகிறவர்களைப் பகட்டுக்காரர்கள் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

கைகள் எங்கே போயின என்று வன்னியில் யாரும் கேட்கத் தேவையில்லை. 2008, 2009 இடப்பெயர்வில் ஊர் ஊராக எழுந்து நடந்தவர்கள், முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் போனார்கள். அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். திரும்பி வந்தபோது பழைய அயல் அப்படியே வரவில்லை. பலகாரம் சுட்ட கைகளில் சில இல்லை. தடி வெட்டப் போனவர்களில் பலர் இல்லை. இன்னும் தேடப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கிய தாய்மார்தான் பல வீடுகளில் இன்று கலியாணத்தை முன்னின்று நடத்துகிறார்கள். பகலெல்லாம் கூலி வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்வருபவளுக்குப் பத்து நாள் கலியாண வேலைக்கு ஆள் சேர்க்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. மண்டபக்காரர் ஒரே பற்றுச்சீட்டில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்கிறார். மழைக்கும் பயமில்லை, ஐப்பசி, கார்த்திகையில் வன்னி மழை பந்தலை என்ன செய்யும் என்பது தெரிந்ததே. இந்த நன்மைகளை மறைத்துவிட்டு மண்டபத்தைத் திட்டுவது நேர்மையாகாது.

ஆனால் மண்டபத்தின் செலவு வளரும் விதம் வேறு. பந்தலில் ஐம்பது பேர் கூட வந்தால் இன்னொரு கிடாரம் உலையில் ஏறும். மண்டபத்தில் தலைக்கணக்கு, தட்டுக்கணக்கு. ஒரு பேச்சுக்குத் தட்டு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 பேருக்கு 4,50,000 ரூபாய். குறைந்தது இத்தனை தட்டு எடுக்கவேண்டும் என்று நிபந்தனை இருந்தால், வராதவர்களின் சாப்பாட்டுக்கும் காசு கட்டவேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடு கட்டிய குடும்பமொன்றுக்குப் பகுதி பகுதியாகக் கிடைத்த முழுத்தொகை 5,50,000 ரூபாய். அன்றைய ரூபாயின் பெறுமதி வேறு, இன்றையது வேறு என்பது உண்மை. ஆனாலும் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தத் தொகையை நெருங்கும் காசைக் கொடுக்கும்போது, அந்த வீட்டின் பூசப்படாத சுவர்கள் நினைவுக்கு வரவேண்டும்.

சாப்பாட்டுக்கு அடுத்தபடி கூடிக்கொண்டே போவது படம். முன்பு ஓர் அல்பம், ஒரு வீடியோ. இப்போது கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு, ட்ரோன், மண்டபத்துக்குள் பெரிய திரை, வெளிநாட்டு உறவினருக்கு நேரலை என்று பட்டியல் நீள்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனும் மாமாவும் காசு அனுப்புவார்கள் என்ற நம்பிக்கையில்தான் பல வீடுகளில் இந்தப் பட்டியல் எழுதப்படுகிறது. அனுப்புபவர்கள் தங்கள் விடுமுறைக்கு ஏற்றபடி ஆவணி முகூர்த்தம் கேட்பார்கள். எல்லோரும் அதையே கேட்பதால் மண்டபமும் ஐயரும் மேளமும் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறுகிறது. தை, வைகாசியில் நாள் வைக்க முடிந்தவர்கள் இதில் தப்பிக்கலாம்.

இரண்டு முறைக்கும் பொதுவாக ஒரு செலவு இருக்கிறது. மற்றவை அனைத்தையும் விழுங்குவது அதுதான். பொன். பொன்னுருக்கில் உருக்குவது ஒரு சிறு நாணயத்தின் பொன். தாலிக்கு வேண்டியது அவ்வளவே. மஞ்சள் கயிற்றில் கோர்த்தாலும் அது தாலிதான். எந்த ஐயரும் மறுக்கமாட்டார். ஒன்பது பவுன், பதினொன்று, பதின்மூன்று என்று ஒற்றைப்படையில் ஏறிப்போகும் கொடி சடங்கு கேட்பதல்ல, சபை கேட்பது. கொடி மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அதற்கு ஈடாகப் பெண் வீட்டிடம் சீதனத்தில் எதிர்பார்ப்பு கூடும். இந்தியாவில் 1961 இலேயே சீதனத்தைத் தடைசெய்யச் சட்டம் வந்தது. எங்கள் வடக்கில் தேசவழமை சீதனத்தைப் பெண்ணின் சொத்தாக ஏற்றுக் காப்பதே தவிரத் தடுப்பதில்லை. 2022 இல் ரூபாய் சரிந்ததிலிருந்து பவுன் விலை ஏறிய வேகம், கொடிக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் சேமிப்பைக் கேலிப்பொருளாக்கிவிட்டது. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் காப்பையும் சங்கிலியையும் கொடுத்து அரிசியும் பால்மாவும் வாங்கிய தாய்மாரின் பிள்ளைகள்தான் இன்று மணவறையில் இருக்கிறார்கள். பொன்னால் உயிர் தப்பியவர்கள் பொன்னை மதிப்பது எனக்கு விளங்குகிறது. கடன்பட்டு வாங்கும் பொன் அப்படி உதவாது. அது அடுத்த மாதமே அடைவுக்குப் போய்விடும்.

கடனைப் பற்றி வன்னிப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் வசூலிப்பு இங்கே எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்று அவர்களுக்குத் தெரியும். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1,00,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசே முன்வரவேண்டி வந்தது. பந்தல் கலியாணத்தில் பட்ட கடன் பெரும்பாலும் கைமாற்று, சீட்டு, மொய் என்று ஊருக்குள் சுற்றும். இன்று வாங்கியதை நாளை அந்த வீட்டுக் கலியாணத்தில் திருப்பிச் செய்யலாம், உழைப்பாலும் திருப்பலாம். மண்டபத்துக் கடனை உழைப்பால் திருப்ப முடியாது. அதற்குத் தவணைத் திகதி இருக்கிறது. இரண்டு முறைகளுக்கும் இடையே நான் காணும் மிகப் பெரிய வேறுபாடு இது.

அழகுக்கு வருவோம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பந்தல் வெல்கிறது. அகநானூற்றில் நல்லாவூர் கிழார் பாடிய 86 ஆம் பாட்டில் ஒரு கலியாணம் வருகிறது. பந்தல், புதிதாகப் பரப்பிய மணல், விளக்கு, மாலை, உழுந்து சேர்ந்த பொங்கல், மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்தும் தாய்மார். விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அதில் மிகக் குறைவு. ஏறக்குறைய இதே பொருள்கள் இன்றும் ஒரு வன்னி வளவில் கிடைக்கும். வெண்மணல் பரப்பிய முற்றம், குருத்தோலையும் மாவிலையும், நிறைகுடம், குத்துவிளக்கு, குலை வாழை. இவற்றில் ஒன்றுகூட நெகிழியில் செய்த ரோசாப்பூச் சுவருக்கும் மின்குமிழ் வளைவுக்கும் குறைந்ததல்ல. படத்திலும் இவைதான் நன்றாக விழும். வாடகைச் சோடினை எல்லா மண்டபத்திலும் ஒன்றேபோல் இருப்பதால், பத்து வருடம் கழித்து அல்பத்தைத் திறந்தால் அது யாருடைய கலியாணம் என்றே தெரியாது.

வன்னி வழக்கம் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். 1958 இலும் 1977 இலும் கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தங்கள் பரிச முறையையும் கொண்டுவந்தன. கத்தோலிக்கருக்குக் கோயில் பூசையும் ஒரு விருந்தும் போதும். அவர்கள் முறை இயல்பிலேயே சிக்கனத்துக்கு இடம் தருவது. முஸ்லிம் குடும்பங்களின் நிக்காஹ்வும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பெரியார் 1928 இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் நடத்திவைத்த திருமணத்திலிருந்து சுயமரியாதைத் திருமணம் ஒரு வழியாக வளர்ந்தது. அண்ணா ஆட்சியில் 1967 இல் அதற்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. இலங்கையில் அந்தச் சிக்கல் இல்லை. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பதிவாளர் முன் எழுத்து எழுதினாலே கலியாணம் செல்லுபடியாகும். கையில் காசே இல்லாத இருவர் எழுத்தோடு வாழ்க்கையைத் தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெற்றோருக்கு மேளமும் வேண்டும், பந்தியும் வேண்டும். இழப்புக்கு மேல் இழப்பைப் பார்த்த வீட்டில் ஒரு நாள் மேளம் கேட்கவேண்டும் என்ற ஆசையைச் செலவு என்று மட்டும் பார்க்க என்னால் முடியாது.

ஆகவே ஆள்பலம் குறைந்த வீட்டுக்கு நான் சொல்லும் வழி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. தாலி கட்டு ஊர்க் கோயிலில். உருத்திரபுரம் சிவன் கோயிலாகட்டும், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலாகட்டும், சின்னப் பிள்ளையார் கோயிலாகட்டும், கோயிலைப் போல் சோடினை தேவைப்படாத மண்டபம் வேறில்லை. தூணும் விளக்கும் மணியும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. பந்தி, கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பல கிராமங்களில் கட்டப்பட்ட இந்த மண்டபங்கள் கூட்டம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கின்றன. சிறு வாடகைக்குக் கூரையும் சீமெந்துத் தரையும் கிடைக்கும். மழைப் பயமும் தீரும். சமையலுக்கு மட்டும் தேர்ந்த ஒருவரைக் கூலிக்குப் பிடியுங்கள்; அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பந்தி குழம்பும். மேளத்தையும் விடாதீர்கள். படத்துக்கு ஒரு நல்ல கமராக்காரர், ஒரு நாளுக்கு, போதும். கொடிக்குப் பதில் தாலியும் மெல்லிய சங்கிலியும். அழைப்புப் பட்டியலை முதலில் எழுதி, மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு தீர்மானியுங்கள். நூறு பேரைக் குறைத்தால் மிஞ்சும் காசுக்கு ஈடாகச் சோடினையில் எதை வெட்டினாலும் மிஞ்சாது.

இதற்கும் கைகள் வேண்டும், பத்துப் பதினைந்து பேராவது. அவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி எங்கள் செத்த வீடுகள். ஒருவர் கண்மூடினால் மரண உதவிச் சங்கம் அன்றே கதிரையும் தகரப் பந்தலும் கொண்டுவந்து இறக்குகிறது. இளந்தாரிகள் யாரும் கேட்காமலே தடி நடுகிறார்கள், தேநீர் ஊற்றுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். அதே கதிரை, அதே பந்தல், அதே பிள்ளைகள் கலியாண வீட்டுக்கு வருவதற்கு ஒரு தீர்மானம்தான் தேவை. செத்த வீட்டுச் சாமானை நல்ல காரியத்துக்கு எடுப்பதா என்று மனம் கூசுகிறவர்கள் இருப்பார்கள். அப்படியானால் மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ ஐம்பது கதிரையும் இரண்டு கிடாரமும் ஒரு சோடிக் குத்துவிளக்கும் தனியாக வாங்கி வைக்கட்டும். வெளிநாட்டிலிருந்து ட்ரோனுக்குக் காசு அனுப்பும் அண்ணன்மாரிடமும் தம்பிமாரிடமும் நான் கேட்பது இதுதான்: அந்தக் காசை ஒரு தடவை உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சங்கத்தில் இருக்கிறவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள்.