கிள்ளான் கணக்கும் சிரம்பான் குன்றுகளும்

ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று கொள்வது மனித இயல்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை யாவரும் அறிந்ததே. புள்ளிக் கணக்கைக் கொண்டு சமுதாயத்தின் காரண காரியங்களை ஆராய்வோர்க்கு இக்கதை இன்றும் பாடமாகும். அதன் உண்மையை நம் தோட்ட வரலாற்றிலேயே காணலாம்.

மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்பும் என்பதற்கான திறவுகோலை ரொனால்ட் ராஸ் 1897ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், அவ்வறிவை நடைமுறையில் சோதிக்க முற்பட்டார். கிள்ளானிலும், அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன, காடு வெட்டப்பட்டது. இவ்விரு ஊர்களிலும் 1901இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902இல் அத்தொகை 59 ஆயிற்று. 1905இல் 45 ஆயிற்று.

இது வடிகாலின் பயனா, அன்றி வேறு காரணத்தால் நேர்ந்ததா? வாட்சன் மாவட்டத்தின் ஏனைய பகுதிகளின் கணக்கையும் உடன் வைத்துக் காட்டினார். வடிகால் அமையாத அப்பகுதிகளில் காய்ச்சல் மரணம் 1901இல் 266, 1902இல் 227, 1905இல் 351. மழையும் ஒன்றே, காலமும் ஒன்றே, மாறியது வடிகால். இத்தகைய ஒப்பீடே கணக்கின் தனிப்பெரும் வலிமையாகும்.

எனினும் அதே கணக்கு வேறு கேள்விகளையும் எழுப்புகிறது. அவ்விரு ஊர்களில் பிற நோய்களால் நேர்ந்த மரணமும் 214இலிருந்து 85ஆகக் குறைந்தது. மலேரியா உடலை நலிவித்துப் பிற நோய்க்கு இடங்கொடுத்ததா? மரணத்தின் காரணம் தவறாகப் பதியப்பட்டதா? மக்கள் ஊரைவிட்டே அகன்றனரா? ஊர்ப்புறத்திலோ புதிய ரப்பர்த் தோட்டங்கள் திறக்கப்பட்டு ஆள்தொகை பெருகிவந்தது. ஆகவே அங்கு மரணம் மிகுந்ததை நோய் மிகுந்ததாக மட்டும் கொள்ளலாகாது. இவற்றுள் எது மெய் என்பதை எண்கள் தாமே சொல்லமாட்டா.

இதனினும் பெரிய எல்லை, மேட்டு நிலத்தை அடைந்தபோது வெளிப்பட்டது. சிரம்பானைச் சூழ்ந்த நெகிரி செம்பிலான் குன்றுத் தோட்டங்களிலும் காடு வெட்டப்பட்டது; ஓடைகள் வெயிலுக்குத் திறந்தன. கிள்ளான் கணக்கின்படி காய்ச்சல் தணிந்திருக்க வேண்டும், தணியவில்லை. காரணம் யாது? கிள்ளான் சமவெளியின் அம்புரோசஸ் கொசு நிழலடர்ந்த சதுப்பை நாடுவது. குன்றுகளின் மாக்குலாட்டஸ் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடை நீரில் பெருகுவது. அங்கே மருந்தானது இங்கே நோயை வளர்த்தது. அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தோர், பெரும்பாலும் தமிழகத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய நம் மக்கள்.

இவ்வுண்மை அட்டவணையிலிருந்து பிறந்ததன்று. ஓடையில் இறங்கி அகப்பையால் கொசுப்புழுவை அள்ளி இனம் பிரித்தும், லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீக்கத்தைக் கண்டும் பெறப்பட்டது. அதன்பின்னரே நிலத்தடிக் குழாய்களும், ஓடைகளில் எண்ணெய் தெளித்தலும் குன்றுகளுக்கு உரிய முறைகளாயின.

புள்ளியியல் அறிஞர் டேவிட் ஃபிரீட்மன் 1991இல் எழுதிய கட்டுரையொன்றில், சமன்பாட்டை மட்டும் நம்பாமல் செருப்புத் தேய நடந்து உண்மை தேட வேண்டும் என்ற கருத்தையே வலியுறுத்தினார். கணக்கு, எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும்; எது காரணம் என்பதை இடத்தையும் மக்களையும் அறிந்தவரே துணிய முடியும்.

தோட்டத்துப் பிள்ளைகளின் தேர்ச்சி குறைவு என ஓர் அட்டவணை காட்டலாம். அதைக் கொண்டு தமிழ்ப்பள்ளியே காரணம் என்றோ, பெற்றோரே காரணம் என்றோ ஒருவர் முடிவு கட்டினால், ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: இவர் கிள்ளான் கணக்கை வைத்துக்கொண்டு சிரம்பான் குன்றில் காடு வெட்டுகிறாரா, அன்றி ஓடையில் இறங்கிப் பார்த்தாரா?