கற்பனையும் கலைஞர் வாழ்வும்

மேடையில் ஆடும் காலையும் பேசும் கையையும் கண்டு மகிழ்கிறோம். திரை விழுந்த பின்னர் அக்கலைஞர் எதைக் கொண்டு வாழ்கிறார் என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியையே கதைப்பொருளாகக் கொண்ட படம் ஒன்று 1948-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'கல்பனா' என்பது அதன் பெயர். அதனை இயக்கி, தலைமைப் பாத்திரமேற்று ஆடியவர் உதயசங்கர். பிற்காலத்தில் கல்கத்தாவிலே வாழ்ந்து, 1977-இல் அந்நகரிலேயே மறைந்த பெருங்கலைஞர் அவர்.

1900-ஆம் ஆண்டில் உதயப்பூரில் பிறந்த வங்காளியான உதயசங்கர், ஓவியம் பயில லண்டன் சென்றார். அங்கே ருஷ்ய நாட்டு பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவுக்காக இந்தியக் கருத்துக்களில் நடனங்கள் அமைத்தார். 1923-இல் அவர் ராதையாக ஆட, தாம் கண்ணனாக ஆடினார். பின்னர்த் தாமே ஒரு குழு அமைத்து, மேல்நாடுகளில் புகழ் பெற்றார்.

முப்பதுகளின் இறுதியில் இமயமலைச் சாரலில், அல்மோராவில், அவர் ஒரு கலாநிலையம் நிறுவினார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும், மணிப்புரிக்கு அமோபி சிங்கும் ஆசிரியராயினர். பரதம் கற்பிக்க நம் தஞ்சை மரபின் நட்டுவனார் கந்தப்ப பிள்ளை அத்துணை தொலைவு சென்றார். 1934-இல் கல்கத்தாவில் ஆடிய பாலசரஸ்வதியின் ஆசான் அவரே. ஆயினும், போர்க்காலத்தில் பொருள் வற்றியதால் சில ஆண்டுகளிலேயே அந்நிலையம் மூடப்பட்டது.

இழந்த கனவையே உதயசங்கர் கதையாக்கினார். எழுத்தாளன் ஒருவன் படமுதலாளியிடம் ஒரு கதை சொல்கிறான். உதயன் என்னும் நாட்டியக்காரன் மலையிலே கலாநிலையம் காணத் துடிப்பதும், பணத்துக்காக அல்லற்படுவதும் அக்கதை. வசூலையே எண்ணும் முதலாளி அதனை ஏற்க மறுக்கிறார். உதயசங்கரின் துணைவியார் அமலா நாயகியாக ஆடினார். படம் உருவானதோ சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்! ஒளிப்பதிவு செய்தவர் கே. ராம்நாத். இளம் பத்மினி முதன்முதல் திரையில் ஆடியதும் இதிலேதான்.

முதலாளி கதையில் சொன்னதே மெய்யாயிற்று. படம் பொருள் ஈட்டவில்லை. எனினும் கலை தோற்கவில்லை. 2012-இல் புதுப்பிக்கப்பெற்ற அப்படம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. மகள் மமதா சங்கர் கொல்கத்தாவில் அமைத்த நாட்டியக் குழுவுக்கு வைத்த பெயரும் 'உதயன்' என்பதே.

கொல்கத்தாவில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் ஒரு பொறுப்பும் உண்டு. வங்கக் கலைஞரின் கனவில் நம்மவர் உழைப்பும் கலந்திருக்கிறது. நம் சபைகளில் சலங்கை கட்டி நிற்பவருக்கும், நட்டுவாங்கம் செய்வோருக்கும், மிருதங்கக்காரருக்கும் கைதட்டலோடு தக்க ஊதியமும் அளிப்போமாக. கதையில் வந்த முதலாளியை நாம் பழிப்பது எளிது. அவரைப்போல் நாமும் ஆகாதிருப்பதே அரிது.